கஸ்பாரின் வள்ளத்துக் கிட்டாருக்கு ஒரு பிக்கப்

ரொசாலியின் கிட்டாரில் முதல் பிக்கப்பை ஒட்டிய சனிக்கிழமை, மாலை நாலு மணிக்கு, சங்குமுனை ஊரில் மூன்று ஆண்களுக்குச் சட்டைக்குள்ளிருந்து ரத்தம் வந்தது. ஒருவன் டீக்கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். ஒருவன் கடற்கரையில் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தான். மூன்றாமவன் தொபியாஸ், பாட்டுப் பயிற்சியைக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போகலாம் என்று கோயில் வாசலில் சைக்கிளை நிறுத்தியவன். ரொசாலி கம்பிகளைத் தட்டியதும் அவனுடைய இடது தோளில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் பிளந்தது, அவள் கையை எடுத்ததும் மூடிக்கொண்டது, மறுபடி தட்டியதும் மறுபடி பிளந்தது, இப்படி ஒரு பாட்டு முழுக்கப் பிளந்தும் மூடியும் சைக்கிள் சீட்டே நனைந்து போனது. தொபியாஸ் கத்தவில்லை. கத்தினால் ஏன் என்று கேட்பார்கள்.

ரொசாலி ஏன் என்று கேட்கவில்லை. அவள் புருசன் கஸ்பாரின் போஸ்ட்மார்ட்டம் அறிக்கை அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஏழு வெட்டு. முதல் வெட்டு இடது தோளில், ஒரு சாண்.

கஸ்பாரைக் கொன்றது காலை பத்து மணிக்கு. அவன் கரையேற்றிய தன் வள்ளத்துக்குள் உட்கார்ந்து வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தான். முகத்தில் துண்டு சுற்றிய ஏழு பேர் வந்தார்கள், ஆளுக்கு ஒரு வெட்டு வெட்டினார்கள், வந்த வழியே நடந்து போனார்கள், ஓடக்கூட இல்லை. வடக்குத் தெரு வள்ளக்காரர்களுக்கும் தெற்குத் தெரு விசைப்படகுக்காரர்களுக்கும் ஏழு வருடமாக நடக்கிற சண்டையில் அது ஒன்பதாவது பிணம். வள்ளக்காரர் விரித்த வலையை விசைப்படகு அறுத்துக்கொண்டு போகும், அறுத்தவனைக் கரையில் இவர்கள் அறுப்பார்கள், இப்படித்தான் அந்த ஊரில் வருடங்கள் போயின. கஸ்பார் விழுந்தபோது இருபதடி தள்ளி மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது, இருநூறு பேர் இருந்தார்கள். போலீஸ் விசாரித்தபோது இருநூறு பேரும் அந்த நிமிடத்தில் குனிந்து சாளை மீனைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். அவ்வளவு அழகான சாளை அதற்கு முன்னும் பின்னும் அந்தக் கடலில் பட்டதில்லை போலிருக்கிறது. வழக்கு தள்ளுபடியானது.

சங்குமுனையில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டுப்பட்டுச் செத்தவனுடைய வள்ளம் மறுபடி கடலுக்குப் போகக்கூடாது, அதை எரிக்கவும் கூடாது. உடைத்துப் பலகைகளைக் கோயிலுக்குக் கொடுத்துவிட வேண்டும். அப்படி வந்த பலகைகளில்தான் வாசகம் வாசிக்கிற மேடையும் முழங்கால் போடும் கட்டைகளும் பிணவண்டியும் செய்திருந்தார்கள். எட்டுப் பேரின் ரத்தத்தின் மேல் ஞாயிறுதோறும் முழங்கால் போட்டு ஜெபித்தார்கள், யாருக்கும் முழங்கால் வலித்ததாகத் தகவல் இல்லை. கஸ்பாரின் வள்ளத்துப் பலகை வந்த நேரத்தில் கோயிலுக்குத் தேவைப்பட்டது கிட்டார், ஏனென்றால் பழைய கிட்டார் முந்தைய வருடத் திருவிழாவில் ஒருவரின் மண்டையில் உடைந்துபோயிருந்தது. வள்ளம் கட்டுகிற ஓடாவி அந்த அயினிப் பலகையை வாரக்கணக்கில் இழைத்து இழைத்து, அப்பளம் போல மெல்லிசாக்கி, வளைத்து ஒட்டி, பாடகர் குழுவின் கிட்டார்காரியான ரொசாலியின் கையில் கொடுத்தான். அது யாருடைய மரம் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை, இரண்டு பேருக்கும் தெரியும்.

நல்ல கிட்டார்தான். ஆனால் சத்தம் மூன்றாவது பெஞ்சைத் தாண்டவில்லை. கடல்காற்றும் ஜனங்களின் இருமலும் அதைத் தின்றுவிட்டன. அதனால் மைக்செட் பெலவேந்திரன், பிக்கப் என்கிற சாமானை வாங்கிவந்தார்; கிட்டாரின் ஒலியை வாங்கி ஒயர் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்புகிற சின்னச் சாமான். அவர் கொண்டுவந்தது பலகையில் ஒட்டுகிற வகை, இரண்டு ரூபாய்க் காசு அகலம், பின்னால் பசை.

"இது மரத்த அப்படியே கேக்கும்மா," என்றார் பெலவேந்திரன். "வெரல் ஒரசுனாக்கூடக் கேக்கும். மரத்துக்குள்ள என்ன இருக்கோ அதத்தான் வெளிய அனுப்பும்."

அப்படித்தான் அனுப்பியது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், மழை தொடங்கினால் குடை எடுப்பதைப் போல எடுத்துக்கொண்டது. அடுத்த ஞாயிறுகளில் சில ஆண்கள் கோயிலுக்கு மெரூன் கலர்ச் சட்டையில் வந்தார்கள், ஜவுளிக்கடையில் மெரூன் துணி தீர்ந்துபோனது. மடியில் ஒன்றும் இல்லாதவர்கள் வெள்ளைச் சட்டை போட்டு முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்து, பாட்டு முடிந்ததும் எழுந்து நின்று முன்னும் பின்னும் திரும்பிக் காட்டினார்கள். இன்னும் சில பேர், அதில் எந்த நாலு பேர் என்று ஊரே விரல்விட்டு எண்ணிப் பார்த்தது, திடீரென்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஆழ்கடலுக்குப் போக ஆரம்பித்தார்கள், ஸ்பீக்கர் எட்டாத தூரத்துக்கு. பெண் கொடுக்கிற வீடுகளில், "மாப்பிள்ளையக் கோயிலுக்குக் கூட்டிட்டு வாங்க, ஒரு பாட்டு கேட்டுட்டுப் போட்டும்," என்று சொல்லத் தொடங்கினார்கள். இன்ஸ்பெக்டர் வந்து ஒரு பூசை முழுக்க நின்று பார்த்துவிட்டு, "இத எந்தப் பிரிவுலப்பா போட?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா ஊசியில் நூல் கோப்பதற்குள் காயம் மூடிவிடும், அவர் நூலை உருவிப் பத்திரப்படுத்துவார்.

பெண்கள் ரொசாலியிடம் வந்து, ரத்தக்கறை போக என்ன செய்ய என்று கேட்டார்கள். "மொதல்ல உப்புத் தண்ணி. பெறவு வெறும் தண்ணி. சோப்பு கடைசியில. வெந்நீர்ல மட்டும் போட்டுராதிய, கறை ஏறிக்கிடும்," என்று ரொசாலி சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கஸ்பார் செத்த அன்று அவன் சட்டையைப் போலீஸ் எடுத்துக்கொண்டது, அதை அவள் துவைக்கவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு அவன் வேறொரு சட்டையோடு வீட்டுக்கு வந்தான், அதைத்தான் துவைத்தாள். எங்கிருந்து வருகிறாய் என்று அவனிடம் கேட்கவில்லை. அன்றைக்குத் தெற்குத் தெருவில் ஒப்பாரி கேட்டது, அதுவே போதும். அந்தக் கதையை அவள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

கஸ்பாரின் தம்பி சவேரிக்கு அந்த மாதம் தூக்கமே இல்லை. அண்ணன் செத்ததிலிருந்து அண்ணன் வீட்டுக்கு மீனும் விறகும் தவறாமல் கொண்டுவந்து போடுகிறவன், மைனி மைனி என்று ரொசாலியைச் சுற்றி வருகிறவன், பாசக்காரன், அரிவாளைத் தினமும் தீட்டுகிறவன். "மூணு பேரு தெரிஞ்சாச்சு மைனி. இன்னும் நாலு பேரு. திருவிழா அன்னைக்கு மட்டும் நாலு கொழா ஸ்பீக்கரக் கட்டிருவோம், கடல்ல எங்க கெடந்தாலும் ரத்தம் வந்துரும். பெறவு ஏம்பாடு," என்றான். ரொசாலி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளுக்கும் அந்த நாலு முகங்கள் வேண்டும். மூன்று வருடமாக அவள் சோற்றைப் பிசைகிறபோதெல்லாம் துண்டு சுற்றிய ஏழு முகங்கள்தான் தட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தன.

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, எந்தப் பிக்கப் என்று முடிவுசெய்ய ஊர்க் கமிட்டி கூடியது. வடக்குத் தெரு இந்தப் பக்கம், தெற்குத் தெரு அந்தப் பக்கம், நடுவில் சாமியார், சாமியாருக்கு முன்னால் ஒரு மேசை, மேசைமேல் பெலவேந்திரன் பரப்பிய மூன்று சாமான்கள். ரொசாலி கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது ஒட்டுறது. மரத்தக் கேக்கும்," என்றார் பெலவேந்திரன். "இது காந்தம். கிட்டார் வாயில மாட்டணும், கம்பிய மட்டுந்தான் கேக்கும், மரம் கத்துனாலும் இதுக்கு விழாது. சுத்தமா இருக்கும். மூணாவது மைக், கிட்டார் வயித்துக்குள்ள வைக்கிறது. அது காத்தக் கேக்கும். ஊருல யாரு மூச்ச அடக்கிட்டு நின்னாலும் அதையும் இழுத்துரும். ஸ்பீக்கர் பக்கம் திரும்புனா ஊளையிடும். நான் சொல்ல மாட்டேன், நீங்களே பாத்துக்கோங்க."

மைக் வேண்டாம் என்பதில் மட்டும் இரண்டு தெருவுக்கும் ஒரே குரல். ஏழு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. பிறகு தெற்கு காந்தம் என்றது, வடக்கு ஒட்டுவது என்றது. நாற்காலிகள் பறந்தன. ஒருவனுடைய முன்பல் சாமியாரின் காபி டம்ளருக்குள் விழுந்தது, அவர் அதை எடுத்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, வேறு யோசனை உண்டா என்று கேட்டார். காந்தத்தை வைத்து நைலான் கம்பி மாட்டிவிட்டால் ஒன்றுமே கேட்காது என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். கமிட்டி அரைமணி நேரம் அதைத்தான் ஆசையோடு யோசித்தது. கடைசியில் காந்தம், இரும்புக் கம்பி, சோதனைக்கு ஒரு ஞாயிறு என்று முடிவானது.

அந்த ஞாயிறைப் போல ஒரு ஞாயிறைச் சங்குமுனை கண்டதில்லை. காந்தம் கம்பிகளை மட்டும் கேட்டது, கம்பிகள் மணிமணியாகப் பேசின, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆழ்கடலுக்குப் போனவர்களும் திரும்பி வந்து வெள்ளைச் சட்டையில் முன்பெஞ்சில் நின்றார்கள், வடக்கும் தெற்கும் ஒரே ராகத்தில் பாடின, சமாதானம் சொல்லும் நேரத்தில் கையைக் கையால் குலுக்கிக்கொண்டார்கள். தொபியாஸ் வாயை அகலத் திறந்து பாடினான், அவனுக்கு நல்ல குரல். ரொசாலி கம்பியைத் தட்டியபடி அந்த வெள்ளைச் சட்டைகளைப் பார்த்தாள். தன் புருசனின் பலகையைத் தன் கையாலேயே ஊமையாக்கி வைத்துக்கொண்டு இவர்களுக்குப் பாட்டு வாசிக்கிறோமே என்று இருந்தது.

சவேரிக்கும் அப்படித்தான் இருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஐஸ் பேக்டரி வாசலில், ஐஸ் உடைக்கிறவர்களும் கூடைக்காரிகளுமாக எழுபது பேர் நிற்கும்போது, அவன் தொபியாஸைக் கழுத்தில் ஒரே வெட்டாக வெட்டினான். முகத்தில் துண்டுகூடச் சுற்றவில்லை. போலீஸ் வந்தது. எழுபது பேரும் அந்த நிமிடத்தில் குனிந்து ஐஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து மணிக்குச் சவேரி பின்கதவு வழியாக ரொசாலி வீட்டுக்குள் வந்தான். சட்டையைக் கழற்றிச் சுருட்டி நீட்டினான். வெள்ளைச் சட்டை, கஸ்பார் செத்த வருடம் அவளே எடுத்துக் கொடுத்தது.

"மைனி, இதக் கொஞ்சம்," என்றான்.

அவள் வாங்கினாள். கை தானாகவே உப்பு ஜாடிக்குப் போனது.

சட்டை வாளியில் ஊறிக்கொண்டிருக்கும்போதே, மூன்றாம் நாள் அடக்கப் பூசை முடிந்து, தொபியாஸின் பெண்சாதி மெட்டில்டா முன்வாசலில் வந்து நின்றாள். தெற்குத் தெருக்காரி வடக்குத் தெருவுக்குள் கால் வைத்து ஏழு வருடம் ஆகிறது. தெருவே கதவைச் சாத்திக்கொண்டு சாவித் துவாரம் வழியாகப் பார்த்தது. ரொசாலி அவளை உள்ளே உட்காரச் சொன்னாள். உட்கார்ந்த இடத்திலிருந்து முற்றத்து வாளி தெரிந்தது. தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது.

"எக்கா, எங்க வீட்டுல ரெண்டு சாவு," என்றாள் மெட்டில்டா. "அஞ்சு வருசத்துக்கு முன்ன எங்க பெரியத்தான் இஞ்ஞாசி, இவுக அண்ணன். இப்ப இவுக. ஒங்க வீட்டுக்காரர வெட்டுனதுல இவுக இருந்தாவ. எனக்குத் தெரியும். நான் அன்னைக்கே சொல்லிருக்கணும், சொல்லல. ஆனா இவுக போயிருக்க மாட்டாவக்கா, பெரியத்தான யாரு வெட்டுனதுன்னு ஒரு ஆளு வாயத் தொறந்திருந்தா. தெரியாமத்தான் ஒங்க வீட்டுக்காரரா இருக்கும்னு போனாவ."

ரொசாலி வாளியைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

"ஒங்களுக்காச்சும் பலக கெடச்சுச்சு. இவுக படகு பைபர். அதுல என்னக்கா செய்ய முடியும்?" மெட்டில்டா எழுந்தாள். "நீங்கதான கிட்டார் வாசிக்குதிய. அந்த மூணாவது சாமான வையுங்கக்கா. ஒட்டுறத வச்சா எங்காளுவ மட்டும் சாவாவ. காந்தத்த வச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணாச் சாவாவ. எல்லாருக்கும் வரட்டும். எனக்கும் வரட்டும்."

அவள் வாசல்படி இறங்கும்போது, முற்றத்துப் பக்கம் திரும்பாமலே, "வெந்நீர்ல போட்டுறாதிய," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரொசாலி அந்த வாரம் முழுக்கத் தன் இரண்டு மணிக்கட்டுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மைக் வைத்தால் அவற்றில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் திருவிழா அன்று காலை எட்டு மணிக்குப் பெலவேந்திரனிடம் போய், "அண்ணாச்சி, மைக்க உள்ள வையுங்க," என்றாள்.

"கமிட்டி காந்தம்லா சொல்லிருக்கு?"

"வாசிக்கது கமிட்டியா நானா?"

பெலவேந்திரன் தன் வேட்டியைத் தானே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டு, கிட்டாரின் வயிற்றுக்குள் கையை விட்டு மைக்கை மாட்டினார்.

கோயிலுக்குள் ஆயிரம் பேர், வெளியே பந்தலில் மூவாயிரம் பேர், கோபுரத்தில் நாலு குழாய் ஸ்பீக்கர். எல்லோரும் புதுத்துணி, எல்லாம் வெள்ளை, காந்தத்தை நம்பி வாங்கியது. சவேரி துவைத்துத் தேய்த்த சட்டையில் தூண் ஓரமாக நின்றான், சட்டைக்குப் பின்னால் இடுப்பில் அரிவாள். ரொசாலி கம்பிகளில் கை வைத்தாள்.

முதல் அடியிலேயே ஊர் பிளந்தது. அன்று ஏலத்தில் நின்ற இருநூறு பேருக்கும் நெற்றியில் வெட்டு விழுந்தது, குனிந்திருந்த நெற்றிகளில். ஐஸ் பேக்டரி எழுபது பேருக்கும் அப்படியே. கஸ்பாரை வெட்டிய மீதி ஆறு பேரும் ஒரே நேரத்தில் ஆறு இடத்தில் திறந்துகொண்டார்கள், யார் யார் என்று இப்போது குழந்தைக்கும் தெரிந்தது, ஆனால் பார்க்கத்தான் ஆள் இல்லை, அவரவர் கண்ணில் அவரவர் ரத்தம். முழங்கால் கட்டைகள் ஊறி உப்பின, பீடத்தில் சாமியாரின் காது இரண்டும் வடிந்தன, பெலவேந்திரனின் உள்ளங்கையிலிருந்து ஒயர் வழியாகச் சொட்டியது, மெட்டில்டாவின் உதடு இரண்டாகப் பிளந்தது, பந்தலுக்கு வெளியே பலூன் விற்கிறவன் மட்டும் வெளியூர்க்காரன், உலர்ந்து நின்றான். ரொசாலியின் இரண்டு மணிக்கட்டிலும் வளையல் போடும் இடத்தில் கோடு விழுந்து, கம்பிகள் வழுக்கின. அவள் வாசித்தாள். நிப்பாட்டு, நிப்பாட்டு என்று நாலாயிரம் பேர் கத்தினார்கள், அதையும் மைக் இழுத்து ஸ்பீக்கரில் ஊளையாக விட்டது.

முதலில் வாயைத் திறந்தது மீன் ஏலக்காரன் சில்வேரா, தைரியத்தினால் அல்ல, உயிர்ப்பயத்தினால். "நான் பாத்தேன்! சாளையும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, கஸ்பார வெட்டுனத நான் கண்ணாலப் பாத்தேன்!" என்று அலறினான். அவன் நெற்றி மூடிக்கொண்டது. பக்கத்தில் நின்றவன் அதைப் பார்த்தான். பிறகு நெருப்புப் பற்றுவது போல ஆயிற்று: நான் பாத்தேன், நானும் பாத்தேன், நான் முதுகுல வெட்டுனேன், நான் முழங்கையில, நான் வண்டி ஓட்டுனேன், நான் அரிவாளக் கெணத்துல போட்டேன், நான் பூசை வச்சு மறைச்சேன் என்று சாமியாரும். மெட்டில்டா, "எனக்குத் தெரியும், தெரிஞ்சு வச்சிருந்தேன்," என்றாள், உதடு சேர்ந்தது. சொன்னவர்கள் மூடிக்கொண்டார்கள். சொல்லாமல் வெளியே ஓடியவர்களைக் குழாய் ஸ்பீக்கர் கடல்வரை துரத்திச் சொல்லவைத்தது.

ரொசாலிக்குக் கண் இருண்டது. குனிந்து கிட்டாரின் வாய்க்குள் வாயை வைத்துச் சொன்னாள்: "இஞ்ஞாசியக் கொன்னது எம் புருசன் கஸ்பார். அந்தச் சட்டைய நான்தான் தொவச்சேன்." வலது மணிக்கட்டு மூடியது. "தொபியாஸ் ரத்தத்தையும் நான்தான் தொவச்சேன். சட்டை சவேரியோடது." இடது மணிக்கட்டு மூடியது.

அப்போது ஊருக்குள் திறந்திருந்தது ஒரே ஒரு காயம். சவேரியின் கழுத்து. சட்டை முழுக்கச் சிவப்பாகி, அரிவாள் கைநழுவித் தரையில் கிடக்க, தூணைப் பிடித்துக்கொண்டு அவன் அவளையே பார்த்தான்.

"மைனி," என்றான். "நிப்பாட்டுங்க."

"சொல்லு சவேரி. ஒரு வார்த்த."

"அண்ணனுக்காகத்தான் செஞ்சேன். அது பாவமில்ல. நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லுடா தம்பி!"

அவள் அழுதாள். விறகு சுமந்து வந்த தோள், மீன் கொண்டுவந்த கை, எல்லாம் கண்முன் நின்றன. கையை எடுத்தால் அவன் பிழைப்பான். எடுத்தால் நாளை காலை ஒன்பது மணிக்கு மறுபடி யாரோ குனிந்து எதையோ பார்ப்பார்கள். பாட்டில் இன்னும் இரண்டு சரணம் இருந்தது. ஒரு சரணம் முடிவதற்குள் சவேரி தூணோடு சரிந்து உட்கார்ந்தான், வாய் இறுக மூடியே இருந்தது. இரண்டாவது சரணத்தை அவள் முழுக்க வாசித்தாள். கை நிற்கவில்லை என்று அவள் பிற்பாடு ஒருநாளும் சொன்னதில்லை. நிறுத்தவில்லை என்றுதான் சொன்னாள்.

சவேரியின் வள்ளத்தை வழக்கப்படி உடைத்தார்கள். ஓடாவி பலகைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது வயலினுக்கு ஆகும் என்றான். கமிட்டி கூடி, வயலினுக்கு என்ன பிக்கப் என்று கேட்டது, யாரும் நாற்காலியைத் தூக்கவில்லை. மெரூன் துணி கடையில் தேங்கிப்போய்ப் பாதி விலைக்குப் போனது.

அடுத்த ஞாயிறு ரொசாலி கிட்டாரை எடுத்தாள். மைக்கைக் கழற்ற வேண்டாம் என்று அவளே பெலவேந்திரனிடம் சொல்லியிருந்தாள். நாலாயிரம் பேரும் காய்ந்த சட்டையோடு நின்றார்கள். அவள் கம்பியைத் தட்டினாள், அவள் கழுத்தில் காதுக்குக் கீழிருந்து தொண்டை வரை ஒரு கோடு திறந்தது, சவேரிக்குத் திறந்த அதே இடத்தில். மெட்டில்டா முன்பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஒரு துண்டை நீட்டினாள். ரொசாலி அதை வாங்கிக் கழுத்தில் அழுத்திக்கொண்டு, கிட்டாரின் வாயருகே குனிந்து, "எங் கொழுந்தன் சவேரிய நான் கொன்னேன்," என்றாள்.

கோடு மூடியது. அடுத்த ஞாயிறும் திறக்கும், அவள் மறுபடி சொல்வாள். சங்குமுனையில் பூசை இப்போதும் அப்படித்தான் தொடங்குகிறது. அவள் துண்டை மெட்டில்டாவிடம் திருப்பிக் கொடுத்தாள். மெட்டில்டா அதை வீட்டுக்குக் கொண்டுபோய் உப்புத் தண்ணீரில் போட்டாள்.